கெட்டிமேளத்துக்கு அடியில் அப்பா சொன்னது

அக்காவின் கல்யாண வீடியோவைக் கடையில் மாற்றிக் கொடுத்த விசிடியில் அப்பாவின் வாய் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிந்தது. அவர் பேசும்போது அந்தக் கட்டம் கொஞ்சம் கறுக்கும், கொஞ்சம் வெளுக்கும். அவ்வளவுதான். அக்கா தொலைக்காட்சிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு இன்னும் நெருங்கினாள். நெருங்க நெருங்க அப்பா கட்டம் கட்டமாகக் கலைந்துபோனார். தள்ளிப்போய்ப் பார்த்தால் முழு அப்பாவாக இருந்தார், ஆனால் வாய் தெரியவில்லை.

“இதுல ஒண்ணும் படிக்க முடியல,” என்றாள்.

அக்காவுக்கு ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள், பதிலும் வாயாலேயே சொல்வாள். புது ஆளாக இருந்தால் இரண்டொரு நாள் பிடிக்கும். அப்பாவின் உதடு அவளுக்கு அத்துப்படி. அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினால்கூடப் படிப்பாள்.

அவளுடைய கல்யாணம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. அத்தானின் அலுவலக நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய கேம்கார்டரில் அதைப் படம் பிடித்தார். அத்தான் தாலி கட்டி முடித்ததும் அப்பா முன்னால் குனிந்து, அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். ஒரு சொல் இரண்டு சொல் இல்லை, ஏழெட்டு வாக்கியம். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் இருந்த நேரம். அக்காவோ மாலைக்குள் முகம் புதைந்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் தலையாட்டினார். அவர்களுக்குத் தலை தீபாவளி வருவதற்கு முன்னாலேயே அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

“என்ன சொன்னாரு?” என்று அத்தானை அக்கா எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று தெரியாது. அத்தானின் பதில் மட்டும் மாறவே மாறாது.

“மேளக்காரன் என் காதுகிட்ட நின்னான். நான் தலையாட்டினேன். கல்யாண மேடையில மாப்பிள்ளைக்கு வேற என்ன வேலை?”

இதை இப்படியே சிரித்து விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அப்பாவின் சாவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார்: குறையோடு பெண்ணைக் கொடுக்கிறோமே என்று மேடையிலேயே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாராம் அப்பா. காது கேட்காதவள்தானே என்று நினைத்து, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார். அக்கா அதை இந்தக் கோடியிலிருந்தே படித்துவிட்டாள்.

பல வருடம் கழித்து ஒருநாள் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “அப்பா என்னைக் குறைன்னு சொல்லிக் குடுத்திருந்தா அது எனக்குத் தெரியணும். சொல்லலைன்னா அதுவும் தெரியணும்,” என்றாள். அவள் குரல் எப்போதும் கொஞ்சம் ஓங்கியே இருக்கும். பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதனால்தான் விசிடி விஷயத்தை நான் அப்படியே விடவில்லை. மலாக்காவில், ஆயர் குரோ பகுதியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பொருள் கெட்டிருந்தால் அது எந்தப் படியில் கெட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். விசிடியை எதிலிருந்து எடுத்தார்கள்? வீட்டில் இருந்த பெரிய வீடியோ கேசட்டிலிருந்து. அந்தக் கேசட்டை எதிலிருந்து எடுத்தார்கள்? கேம்கார்டரில் இருந்த சின்னக் கேசட்டிலிருந்து. முதல் நகலில் கொஞ்சம் போயிற்று. அதையே கல்யாணம், காதுகுத்து என்று எல்லோருக்கும் போட்டுக் காட்டியதில் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. கடைக்காரர் அதை ஒரு தட்டுக்குள் அடக்குவதற்காக நசுக்கியபோது மிச்சமும் போயிற்று. அவர்மேல் தப்பில்லை. விசிடி என்றால் அவ்வளவுதான் பிடிக்கும். ஆகவே வழி ஒன்றுதான் இருந்தது. முதல் கேசட்டிலிருந்து நேராகக் கணினிக்குள், நசுக்காமல், ஒரே தாவலில் கொண்டுபோக வேண்டும்.

“அந்தச் சின்னக் கேசட் எங்க?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“சாமி அலமாரியில,” என்றாள்.

புக்கிட் காதிலில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். சாமி படங்களுக்கும் அப்பாவின் படத்துக்கும் நடுவில், பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கேசட். முன்பக்கம் ஒரு மூடி உண்டு. அதைத் தூக்கினால் விரல் நீளத்துக்கு நாடா தெரியும். தூக்கினேன். நாடாவின் நட்டநடுவில் காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு என் முகமே போதும், உதடு அசைய வேண்டியதில்லை.

“அப்பா போனப்புறம், பெரிய கேசட்டுக்கு மாத்திக் குடுத்த அன்னிக்கு, படம் எடுத்தவரு இதைக் கேமராவுல போட்டுக் காமிச்சாரு. அந்தச் சின்னக் கண்ணாடியில வாய் தெரியல. அப்பா பேசற இடத்துல நிறுத்தச் சொன்னேன். அப்படியே வெளிய எடுத்துக் குடுத்தாரு. அதுக்கப்புறம் நான் சுத்தவே இல்ல. மூடியைத் தொறந்தா அப்பா இருக்காரு. திதிக்குத் திதி படத்துக்கு வெக்கும்போது இதுக்கும் வெப்பேன். நெத்தியில.”

அத்தான் வாசலில் இருந்து சொன்னார்: “நல்லவேளை, மாலை போட இடமில்ல.”

அவள் பாதுகாத்த இடம்தான் கெட்டுப்போயிருந்தது. மற்ற ஒரு மணி நேரமும் தொடாமல் இருக்க, எங்களுக்கு வேண்டிய அந்தச் சில நொடிகளின்மேல் வருடா வருடம் சந்தனம். அக்கா என் கையிலிருந்து கேசட்டை வாங்கிப் பார்த்தாள். “அழிஞ்சிடுச்சா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவளிடம் பொய் சொல்லும்போது உதடு வேறு மாதிரி போகுமாம். சின்ன வயதிலிருந்தே நான் அகப்பட்டுக்கொள்வேன்.

காஜா பெராங்கில் அப்பா வாங்கிய வீட்டில்தான் நான் இன்னும் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், பல நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான், அதில் நடுநடுவே எனக்குப் பழக்கமான தமிழ்ச் சொற்கள் வந்து போகும். அவரிடம் ஒரு கேம்கார்டர் இருந்தது. எங்களுடையது மாதிரிப் பழைய சின்னக் கேசட்டையும் அது ஓட்டும். ஓட்டுவதோடு, தானே படத்தை டிஜிட்டலாக மாற்றி, ஒரு கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும். நடுவில் வேறு பெட்டி வேண்டாம். கேட்டதும் தூக்கிக்கொண்டு வந்தார். கேசட்டைக் காட்டினேன். மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

“என் அம்மா இருந்திருந்தால் கேமராவுக்கே பொட்டு வைத்திருப்பார், காக்,” என்றார் மலாயில். காக் என்றால் அக்கா. அவர் என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

இரவல் கேமராவுக்குள் சந்தனத்தூளை விட எனக்கு மனம் வரவில்லை. நாடாவை உரசிப் படத்தைப் படிக்கும் பாகத்துக்குத் தலை என்று பெயர்; அது தூசியைவிட நுண்ணியது. அடைத்துக்கொண்டால் கேமராவும் போகும், நாடாவும் கிழியும். முதலில் நாடா சுத்தமாக வேண்டும். ஆனால் அப்பாவின்மேல் நேரடியாகப் பரிசோதனை செய்ய முடியாது. வேலையில் செய்வதையே செய்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் வேண்டாத கேசட் ஒன்று கேட்டேன். கொடுத்தார். நிறுத்த மறந்துபோய், சந்தையிலிருந்து வீடுவரை அவர் தன் செருப்பையே படம் பிடித்திருந்த கேசட் அது. அதன் நாடாவில் வெவ்வேறு இடங்களில் நானே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். வெயிலில் காய விடாமல் நிழலில் காய விட்டேன், அக்கா வீட்டு அலமாரியில் காய்ந்த மாதிரி.

ஒரு பொட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். சந்தனம் கரைந்து பாலேடு மாதிரிப் படர்ந்தது. அந்த இடத்தில் செருப்பு காணாமல் போயிற்று. இன்னொன்றை நகத்தால் சுரண்டினேன். கோடு விழுந்தது. மூன்றாவதை வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையால், ஒரே திசையில், அழுத்தாமல் தட்டித் தட்டி உதிர்த்தேன். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால், ஈரமில்லாமல், ஒருமுறை இழுத்தேன். நாடாவை எச்சரிக்கையாக முன்னும் பின்னும் சுற்றி ஓட்டிப் பார்த்தால் செருப்பு நடந்தது. கொஞ்சம் வெள்ளைக் கீறல் இருந்தது, ஆனால் நடந்தது. செருப்புக்குச் சொந்தக்காரர் வேலிக்கு மேலாகக் கை தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பாவை எடுத்தேன். தொழிற்சாலையில் போடும் பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டேன். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தேன், விழும் திருகாணி தெரிவதற்காக. பொட்டு உதிர்ந்ததும் மூடிக்குள் ஒட்டியிருந்த தூளும் தெரிந்தது. அந்த ஓடு இனி ஆகாது என்று முடிவு செய்து, இரண்டு கேசட்டையும் திறந்து, அப்பா இருந்த சுருளைச் செருப்பு இருந்த ஓட்டுக்குள் மாற்றி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, “பெலான்-பெலான், காக்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்ல, மெல்ல. எனக்குச் சொன்னாரா, நாடாவுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஓடியது.

கணினியில் படம் விழுந்தபோது முதலில் நான் பார்த்தது அப்பாவை இல்லை, மேடைக்குப் பின்னால் இருந்த வாழை இலையின் நரம்பை. விசிடியில் அது பச்சைப் பூச்சாக மட்டும் இருந்தது. இங்கே நரம்பு நரம்பாக இருந்தது. இத்தனை வருடம் அந்தச் சின்னக் கேசட்டுக்குள் எல்லாமே பத்திரமாக இருந்திருக்கிறது. நாங்கள்தான் நகலைப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தோம்.

ஆனாலும் முதல் முறை எடுத்ததில் நடுநடுவே படம் தாவியது. கணினி வேறு ஏதோ வேலைக்குப் போய்விட்டு, வந்துகொண்டிருந்த படத்தைத் தவறவிட்டிருக்கிறது. இணைய இணைப்பைப் பிடுங்கினேன். திரை தானாக அணைவதை நிறுத்தினேன். மற்ற எல்லாவற்றையும் மூடினேன். ஒரு மணி நேரப் படத்துக்குப் பதின்மூன்று கிகாபைட் இடம் வேண்டும். இடம் போதவில்லை என்று யாராவது சொன்னால் உடனே நசுக்கத்தான் தோன்றும். நான் நசுக்காமல் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பொருத்தினேன். இரண்டாம் முறை ஒரு படம்கூடத் தவறவில்லை.

மிச்சம் இருந்தது பொட்டின் தடம். அப்பா பேச ஆரம்பித்துச் சற்று நேரத்தில் வெள்ளைக் கீறல்கள் குறுக்கே ஓடின. அதில் சில சரியாக வாயின்மேல். கேமராவின் தலையைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டினேன். கீறல் இருந்தது, ஆனால் வேறு இடத்தில். இன்னொரு முறை ஓட்டியபோது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கீறல் இடம் மாறுகிறது என்றால், இதில் மறைந்த உதடு அதில் தெரியும். மூன்று ஓட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படம் படமாக, வாய் சுத்தமாக இருப்பதை மட்டும் பொறுக்கிக் கோத்தேன். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான், என்ன, இங்கே பொறுக்கியது அரிசியை.

அப்படியும் உதடு வேகமாக அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தன. கேம்கார்டர் ஒரு படத்தை இரண்டு அரைப் படங்களாக, ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும். கணினி இரண்டையும் ஒன்றாக அடுக்கிக் காட்டுவதால் வந்த குழப்பம் அது. அரைப் படங்களைத் தனித்தனியே பிரித்தேன். கோடுகள் மறைந்தன. அதோடு ஒரு லாபம். முன்பு ஒரு வாய் தெரிந்த இடத்தில் இப்போது இரண்டு வாய், அதாவது உதட்டின் அசைவு இரண்டு மடங்கு நுணுக்கமாக. கடையில் தட்டில் அடைத்தபோது தூக்கி எறிந்த பாதி அதுதான். நான் எழுந்து போய் ஒரு கோப்பை தேநீர் போட்டுக்கொண்டு வந்து, அதைக் குடிக்காமல், அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எனக்குப் புரிய வேண்டியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா புடவை கட்டியிருந்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அத்தான் கணினியின் பின்னால் இருந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, “இஞ்சினியர் அம்மா, இத்தனையும் மாமனாருக்கா?” என்றார்.

போட்டேன். கெட்டிமேளம் அறையை நிறைத்தது. அத்தான் காதைப் பொத்திக்கொண்டார். “பாத்தியா, நான் சொன்னேன்ல. இதுல யாருக்குக் கேக்கும்?”

“சத்தத்தை அணைச்சிடு,” என்றாள் அக்கா. “உங்க ரெண்டு பேரு முகத்தையும் பாத்தாலே எவ்வளவு சத்தம்னு தெரியுது.”

அணைத்தேன். இப்போது மூவரும் ஒன்றாகப் பார்த்தோம். அப்பா குனிந்தார். அத்தானின் கைகளைப் பிடித்தார். வாய் திறந்தது.

அக்கா திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். கையை மட்டும் காட்டினாள், மறுபடி போடு என்று. போட்டேன். மறுபடி. வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு, அவ்வளவு மெதுவாக அப்பா பேசமாட்டார் என்று பழைய வேகத்துக்கே கொண்டுவரச் சொன்னாள். அவள் உதடும் அப்பாவோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது. அத்தான் வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிள்ளை,” என்றாள் அக்கா. குரல் அவளுடையதுதான், ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொல்வது அப்பா மாதிரி இருந்தது. “மாப்பிள்ளை, எங்க வீடு பலகை வீடு.”

அவள் கைகாட்ட, நான் மறுபடி போட்டேன்.

“கூப்பிடணும்னா தரையை மிதிப்போம். அதிரும். திரும்பிப் பாப்பா. உங்க வீடு சிமெண்டு. மிதிச்சா தெரியாது.”

மறுபடி.

“லைட்டைப் போட்டு அணைங்க. பின்னால வந்து தொட்டுடாதீங்க. தூக்கிப் போட்டுடும் அவளுக்கு.”

அப்பா அத்தானின் கையை விட்டார். அத்தான் தலையாட்டினார். படம் வேறு பக்கம் திரும்பியது.

“அவ்வளவுதான்,” என்றாள் அக்கா. “வேற இல்ல. குறைன்னு ஒரு வார்த்தை இல்ல. மன்னிப்பு இல்ல.” என் பக்கம் திரும்பி, நான் சரியாகக் கேட்டேனா என்று பார்ப்பவள்போல மறுபடி சொன்னாள். “ஒரு வார்த்தை இல்ல.”

அப்பாவுக்குத் தெரிந்தது அதுதான். பெண்ணைக் கொடுக்கும்போது, அவளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மாப்பிள்ளை தலையாட்டியதும், புரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்திருப்பார். அதனால்தான் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அத்தான் எழுந்தார். பிறகு அக்கா பார்க்கும்படி முன்னால் வந்து நின்றுகொண்டு சொன்னார்: “நம்ம வீட்டுல லைட்டைப் போட்டு அணைச்சுத்தானே கூப்பிடறேன். மாமனார் சொன்னபடிதான் நடந்திருக்கேன்.”

“ரெண்டு வருஷமா பின்னால வந்து தொட்டுக்கிட்டிருந்தீங்க,” என்றாள் அக்கா. “சாம்பார் சட்டியோட தூக்கிப் போட்டுடுச்சு எனக்கு ஒரு நாளு. அதுக்கப்புறம் லைட்டைப் போடச் சொன்னது நானு.”

“நீ சொன்னா என்ன, அவரு சொன்னா என்ன. ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்லியிருக்கீங்க.”

அவள் முகத்தில் வந்ததை என்னவென்று எழுத எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தோன்றியதே தனக்கும் தனியாகத் தோன்றியிருக்கிறது என்று அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, கல்யாண மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டிய மாதிரி உட்கார்ந்தாள்.

படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டாள்.

“இரு. பெரியம்மா பேசறாங்க.”

திரையில் பெரியம்மா பந்தியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அணைந்தே இருந்தது.

“பாயசம் தண்ணியா இருக்காம். முந்திரிப்பருப்பை எண்ணிப் போட்டிருக்காங்களாம்.” அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். “இரு, இரு. அந்தப் பக்கத்து ஆளு சொல்றாரு, மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் சாம்பாரையே மூணு தடவை வாங்குறாங்களாம்.”

அவள் அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணாகத் தலை குனிந்தே இருந்தவள். ஒருவர் பேசியதையும் பார்க்காதவள். இப்போது மண்டபம் முழுவதும் அவள் முன்னால் வாய் திறந்துகொண்டிருந்தது. மேளம் மூடிவைத்த அத்தனையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யார் புடவை யாரைவிட மட்டம், யார் மொய் வைக்காமல் சாப்பிட உட்கார்ந்தது, எல்லாவற்றையும் ஓங்கிய குரலில் எங்களுக்குச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சிரிப்பு என்று வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

கேமரா மெல்ல மேடைப் பக்கம் திரும்பியது. அத்தான் நண்பர்களோடு நின்று, மாலையைத் தள்ளிவிட்டுக்கொண்டு என்னவோ சொல்லிச் சிரித்தார். அறையில் இருந்த அத்தான் எழுந்துவிட்டார்.

“போதும்லா, ஒரு மணி நேரம் ஆச்சு, சாப்பிடப் போகலாம்.”

“உக்காருங்க,” என்றாள் அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நீங்க என்ன சொன்னீங்கன்னு பாக்கணும்.”